இலையின் முதுகில் பச்சை

என் அறை வாசலின் நிலைக்கு மேல் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். அதில் ஒரு துணி இலை தொங்குகிறது. உள்ளங்கை அகலம், விரலை விரித்த மாதிரி ஐந்து முனை. ஒரு பக்கம் துருப்பிடித்த இரும்பின் நிறம், மறு பக்கம் பச்சை. நடுவில் பஞ்சு வைத்து, நரம்பு நரம்பாகத் தையல் ஓட்டியிருக்கிறது. பச்சைப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர். துணி சோதிக்க வருகிறவர்கள் குறை கண்ட இடத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. ஒட்டியபோது நல்ல சிவப்பாக இருந்தது. இப்போது வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. துருப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து, பச்சைப் பக்கத்தை வருகிறவர்களுக்குக் காட்டித்தான் மாட்டியிருக்கிறேன். வருகிற ஆள் எல்லாம், "அண்ணாச்சி, எலை திரும்பித் தொங்குதே" என்று எக்கித் திருப்பப் பார்ப்பார்கள். கையைத் தட்டிவிடுவேன். அது திரும்பித் தொங்கவில்லை. சரியாகத்தான் தொங்குகிறது.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடத்தைவிடப் பழைய துறைமுகத்தில்தான் அதிகம் இருந்தேன். இதை நான் எழுதும்போது எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் யாரும் திருத்தக் கூடாது. இன்றைக்குத் தூத்துக்குடியில் துண்டுத் துணியை ஒட்டுப்போட்டு, பஞ்சு வைத்துத் தைத்து, வெள்ளைக்காரன் வீட்டு வாசலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இலையுதிர் கால அலங்காரம் அனுப்புகிறவர்களில் என் அளவுக்கு வளர்ந்தவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். இலை, பூசணிக்காய், ஏகோர்ன் என்கிற ஒரு கொட்டை, மேசை விரிப்பு, கதவு வளையம் எல்லாம் துணிதான். எல்லாம் என் கொட்டகையில் பிறந்தது. என்னிடம் தொழில் கற்றவன் என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் கடை போட்டிருக்கிறார்கள். நல்லா இருக்கட்டும். என் ஓரத் தையல் அவர்களுக்கு வராது.

அந்தத் தையலின் கதை இதுதான். பதினைந்து வயதிலிருந்து நான் தோணிகளுக்குப் பாய் தைத்தேன். கப்பல் பாய்க்கு ஓரத்தை மடித்து, மடித்ததை இன்னொரு தரம் மடித்து, இரண்டு வரி ஓட்ட வேண்டும். ஒரு வரி தைத்தால் காற்று பிரித்துப்போடும். உள்ளங்கையில் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டு ஊசியை அழுத்தி அழுத்தி என் வலது கை இன்னும் முழுசாக விரியாது. பிறகு தோணியெல்லாம் எஞ்சின் வைத்துக்கொண்டது. பாய் போயிற்று. அதற்காக நான் உட்கார்ந்து அழவில்லை. உப்பு லாரிக்குத் தார்ப்பாய் தைத்தேன். தார்ப்பாய்க்கு மெஷின் வந்தபோது மெஷினை வாங்கினேன். கரூர்ப் பக்கத்து ஏற்றுமதிக்காரர் ஒருவர், பஞ்சு வைத்துத் தைத்தால் பிரியாமல் தைக்க ஆள் தேடி இந்தப் பக்கம் வந்தபோது, "நான் தைக்கேன்" என்றேன். அதுவரை நான் ஒரு தலையணைகூடத் தைத்ததில்லை. அது அவருக்குத் தெரியாது.

ஆனால் இந்தக் குறிப்பு என்னைப் பற்றியது அல்ல. என் மூத்த அண்ணன் மனைவி, என் மதினியைப் பற்றியது.

அண்ணன் உப்பு லாரி புரண்டு போய்ச் சேர்ந்தபோது மதினிக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள். "அங்கன போனா நான் வேலைக்காரி. இங்கன இருந்தா வேலை பாக்கிறவ" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். என் கொட்டகைக்கு முதலில் வந்தது கூட்டுவதற்கு. ஆனால் கூட்டச் சொன்னால் பொறுக்குவார். தரையில் கிடக்கிற துண்டுத் துணியை விரல் அளவு, கை அளவு, முழ அளவு என்று பிரித்துச் சாக்கில் கட்டி வைப்பார். நிறம் வேறு, நெசவு வேறு, தடிமன் வேறு. ஒரு வருஷத்தில் என்னிடம் இருந்த குப்பையெல்லாம் சரக்காகிவிட்டது. பிறகு வெட்டு மேசையை அவரிடம் விட்டேன். ஒரு துணியைக் கையில் எடுத்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாலே அது எந்தப் பக்கம் வெட்டினால் சுருங்கும், எந்தப் பக்கம் வெட்டினால் நிற்கும் என்று சொல்லிவிடுவார். நான் வாய்க்கு வாய், "என் கம்பெனி, என் கம்பெனி" என்பேன். மதினி கத்தரியை வைக்காமலே, "ஆமா, ஒம்ம கம்பெனிதான். கத்தரி மட்டும் என்னது" என்பார். உண்மையிலேயே அந்தக் கத்தரியை வேறு யாரும் தொட முடியாது.

ஒரு சம்பவத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன்.

என் மூத்த மகள் கல்யாணத்தன்று காலையில் பந்தல் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டினது மதினி. ஸ்டூலில் ஏறி நின்று, கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு இலையையும் துடைத்துத் துடைத்து மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவர்தான். என் அக்கா என்னைப் பந்தக்காலுக்குப் பின்னால் இழுத்துப் போய், "ஏலே, தாலியறுத்த கையால தோரணமா? மாப்பிள வீட்டுக்காரவ பாத்தா என்ன நெனைப்பாவ?" என்றாள். எனக்கு அப்போது கையில் கொஞ்சம் தொழில் இருந்தது, ஆனால் முதுகில் எலும்பு இல்லை. நேராக மதினியிடம் போனேன். "மதினி, அடுப்படியில ஆள் இல்ல, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி உள்ளே போனார். மீதித் தோரணத்தை அக்கா கட்டினாள். பொய்யை நாசூக்காகச் சொல்லிவிட்டோம், அவரும் நம்பிவிட்டார் என்று நான் என்னை மெச்சிக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்த இலை ஆர்டர் வந்தது. அதுவரை மெத்தை உறை, நாற்காலித் திண்டு இப்படித்தான் தைத்துக்கொண்டிருந்தோம். கரூரிலிருந்து வந்த மாதிரியைப் பிரித்து மேசையில் வைத்தேன். ஒரு கயிறு, அதில் பதினொரு துணி இலை. துரு, காவி, கடுகு மஞ்சள், காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு. பெண்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். வேம்பாரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற ஒருத்தி, கொட்டகையிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான், இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது ஆமணக்கு எலைலா? எங்க வீட்டுக்குப் பொறத்தால காடா கெடக்கு. ஒரு லோடு அனுப்பட்டா?" என்றாள். கொட்டகையே சிரித்தது.

அங்கே ஒரு பருவத்தில் மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுமாம், அந்த நேரத்தில் வீட்டு வாசலில் இப்படித் தோரணம் கட்டுவார்களாம் என்று கரூர் ஏற்றுமதிக்காரரின் ஏஜென்ட் எனக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன்.

"கொட்டுறதுக்கா திருவிழா?" என்றாள் வேம்பார்க்காரி. "அப்போ நம்ம வேப்பமரத்துக்குத் தெனமும் கொடியேத்தலாம்."

மதினி மட்டும் சிரிக்கவில்லை. மாதிரியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பின்பக்கம் சந்தன நிறத்தில் சாதாரணத் துணி. "கொழுந்தனாரே, காஞ்ச சருகத் தோரணமாக் கட்டுவாவளா எங்கனயாவது? பச்ச இல்லாத தோரணம் எழவு வீட்டுக்குலா ஆகும்" என்றார்.

நான் விடவில்லை. "ஏன் மதினி, பொங்கலுக்குக் கட்டின மாவிலை நம்ம வாசல்ல சித்திரை வரைக்கும் காஞ்சுதானே தொங்குது? அதை யாரு அவுக்கா?"

"அது பச்சையாக் கட்டினது. காஞ்சு போச்சு. இது காய வச்சே கட்டுதது." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டார்.

நிறம் பிடிப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. வந்த நிற அட்டை மழையில் நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டி வந்திருந்தது. இன்னொன்று கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. மதினிதான் வழி கண்டார். எங்கள் கொட்டகைக்கு முன்னால் ஒரு வாதாமரம் உண்டு. இந்த ஊரில் நின்றுகொண்டே சிவந்து பழுத்து இலை உதிர்க்கிற மரம் அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மேசையில் வரிசையாக வைத்து, அதற்குப் பக்கத்தில் துண்டுத் துணிகளை வைத்து வைத்துப் பார்த்தார். மஞ்சளிலிருந்து காவி, காவியிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து துரு. முன்பக்க நிறம் ஒன்றுகூடத் தவறவில்லை. பனி விழுகிற நாட்டு மரத்தை என் மதினி தூத்துக்குடி வாதாமரத்தை வைத்துப் பிடித்துவிட்டார். இதை இன்றைக்கும் நான் எந்த வியாபாரியிடமும் மார்தட்டிச் சொல்வேன்.

இரண்டாயிரம் தோரணம். ஒன்றில் பதினொரு இலை. நான் ஓரத் தையலைப் பார்த்துக்கொண்டேன். இலைதானே என்று விடாமல், பாய்க்கு ஓட்டுகிற இரட்டை வரியை ஓட்ட வைத்தேன். பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. பின்பக்கம் மதினியின் பொறுப்பு. அவர் பொறுப்பில் இருப்பதை நான் பார்க்கிற வழக்கம் இல்லை.

கரூரிலிருந்து சோதிக்க வந்தவர் சின்ன வயதுக்காரர், மீசையை வெட்டிச் சீராக வைத்திருப்பார். செக்கிங் சார் என்போம். பெட்டி பெட்டியாகப் பிரித்து, அளவு பார்த்தார், அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினார், இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தோரணத்தைத் தூக்கும்போது அது கையில் திரும்பிவிட்டது. பத்து இலையின் பின்பக்கம் சந்தன நிறம். நடுவில் ஒன்று மட்டும் பச்சை. அடுத்ததைத் திருப்பினார். அதிலும் நடு இலை பச்சை. இன்னொரு பெட்டி. அதிலும். சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து அந்தப் பச்சையின் மேல் ஒட்டினார்.

"என்னங்கண்ணா இது? இரண்டாயிரத்துலயும் இப்படித்தானுங்களா?"

நான் மதினியைப் பார்த்தேன். மதினி வெட்டு மேசையில் இருந்தபடி, "ஆமா, எல்லாத்துலயும் உண்டு. எண்ணித்தான் வெட்டினேன்" என்றார். யாரும் வாங்காமல் கிடந்த ஒரு சாக்குப் பச்சைத் துண்டை அதற்குப் பயன்படுத்தியிருந்தார்.

செக்கிங் சார் என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நாளை மறுநாள் கண்டெய்னர் ஏற்ற வேண்டும். அதற்குள் இரண்டாயிரம் இலையையும் பிரித்துப் பின்துணியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மொத்தச் சரக்கும் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன் என்றார். இரட்டை வரி ஓட்டிய இலையைப் பிரித்தால் முன்துணியும் கிழியும் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு, "அந்தம்மாவை மேசையை விட்டு எடுத்துருங்கண்ணா. சொன்னதைச் செய்யாத கை, நாளைக்கும் செய்யாதுங்க" என்றார்.

நான் வெளியே வந்தேன். நாற்பது பெண்கள் மெஷினில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டாயிரத்தில்தான் அவர்களுடைய ஒரு பருவத்துக் கூலி இருந்தது. என் பெயரும் அதில்தான் இருந்தது. பயந்தால் கத்துகிற சுபாவம் எனக்கு. கத்தினேன்.

"யாரைக் கேட்டு மதினி பச்சை வச்சீங்க? அவன் நாட்டு வாசலுக்கு எது நல்லதுன்னு உங்களையா கேட்டான்? நாளையிலிருந்து மேசைப் பக்கம் வராதீங்க. அடுப்படியில டீ போடுங்க, போதும்."

மதினி கத்தரியை மேசை மேல் வைத்தார். கொட்டகையில் அவர் தானாகக் கத்தரியை வைத்து நான் பார்த்தது அன்றுதான். குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தத் தடவையாவது நேராச் சொன்னீரே கொழுந்தனாரே. போன தடவ ஆள் இல்லன்னு பொய் சொல்லில்லா அடுப்படிக்கு அனுப்பினீரு. அன்னைக்கு அடுப்படியில ஏழு பேரு இருந்தாவ. போனதும் எண்ணிப் பாத்தேன்."

யாருக்கும் என்ன விஷயம் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மதினி நிறுத்தவில்லை.

"என் கையில இருந்து மாவிலையை வாங்கினீரு. சரி, உம்ம மக, உம்ம வாசல். நான் ஒண்ணும் கேக்கல. ஆனா இந்தத் தோரணம் அம்புட்டையும் நான்தான் வெட்டியிருக்கேன். முகந்தெரியாத வீடு. அங்கனயும் ஒரு கல்யாணம் இருக்கும், ஒரு பிள்ளை பொறக்கும். தாலியறுத்தவ காஞ்ச சருகை அனுப்பினான்னு இருக்கப்பிடாது. அதுக்குத்தான் ஒரு பச்ச. முன்னால வச்சா உமக்குக் கெட்ட பேரு. அதான் பின்னால வச்சேன். செவுத்தப் பாத்துத் தொங்கப்போற துணி உமக்கு என்ன செஞ்சிது?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். வேம்பார்க்காரி எழுந்து பின்னாலேயே போனாள். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஏழு பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார், இரண்டு வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு என் மேசையில் வெட்டியிருக்கிறார் என்பதுதான் மண்டைக்குள் ஓடிற்று. நான் எவ்வளவோ வியாபாரத்தில் ஏமாந்திருக்கிறேன். அப்படி அவமானப்பட்டதில்லை. அடுப்படி வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது. எனக்கு வருவது ஒன்றுதான். திரும்பி அறைக்குள் போனேன்.

செக்கிங் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஆர்டர் தாள் இருந்தது, முழுக்க இங்கிலீஷ். நான் உட்கார்ந்தேன்.

"சார், நான் நாலாங்கிளாஸ். நீங்க படிச்சவரு. இந்தத் தாளை மேலேயிருந்து கீழே வரைக்கும் எனக்குத் தமிழ்ல படிச்சிச் சொல்லுங்க. ஒரு வரி விடக் கூடாது."

"எதுக்குங்கண்ணா, நேரமாகுது..."

"படிங்க."

படித்தார். இலையின் நீளம். அகலம். முன்துணி நாலு நிறம், அதன் நம்பர். பஞ்சின் எடை. தையல் எண்ணிக்கை. கயிற்றின் தடிமன். பிறகு பின்துணி: பருத்தி, சாயம் போகக் கூடாது, ஓரம் பிரியக் கூடாது. அடுத்து பெட்டியின் அளவுக்குப் போய்விட்டார்.

"நிறுத்துங்க. பின்துணி என்ன நிறம்னு இருக்கு?"

அவர் மறுபடி பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "மாதிரியில சந்தனக் கலர்தானுங்களே இருக்கு."

"மாதிரியைக் கேக்கலை. தாளைக் கேக்கேன்."

"தாள்ல... போடலீங்க."

அவர் ஸ்டிக்கர் ஒட்டிய அந்த இலையைத் தோரணத்திலிருந்து வெட்டி எடுத்தேன். ஒரு டம்ளர் கொதிக்கிற வெந்நீர் கேட்டேன், அடுப்படியிலிருந்து ஒருத்தி கொண்டுவந்து வைத்தாள். இலையை அதில் முக்கினேன். டீ ஆறுகிற நேரம் ஊறவிட்டு எடுத்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஸ்டிக்கர்கூட உரியவில்லை. "சாயம் போச்சா?" என்றேன். ஈர இலையை அவர் கையில் கொடுத்து, ஓரத்தைப் பிரிக்கச் சொன்னேன். விரலால் இழுத்தார். நகத்தால் நோண்டினார். வாலிபப் பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பாய்த் தையல் அது, வங்காள விரிகுடாக் காற்று பிரிக்காதது. "பிரிஞ்சிதா?" என்றேன்.

அவர் கரூருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். சரக்கு என் பொறுப்பில் போகிறது, பின்துணியால் ஒரு புகார் வந்தாலும் இனி எனக்கு அவர்கள் வேலை கிடையாது என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அதையும் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். அன்றைக்கு நேராக விழுந்தது.

"அந்தம்மா..." என்று ஆரம்பித்தார்.

"அவுக மேசையிலதான் இருப்பாவ. உங்களுக்குப் பிடிக்கலைன்னா நீங்க அந்தப் பக்கம் பாக்காம சோதிச்சிட்டுப் போங்க."

இதை அறைக்குள் சொல்லவில்லை. வாசலில் நின்று, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வெட்டு மேசையிலிருந்து கத்தரிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மாடியில் ஏறினால் துறைமுகத்துக் கிரேன் தெரியும். கப்பல் போனபிறகு மூன்று மாதம் தினமும் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தேன், புகார் அந்த வழியாகத்தான் வரப்போகிற மாதிரி. புகார் வரவில்லை. புகழ்ச்சியும் வரவில்லை. அந்த நாட்டில் ஒருவன்கூட இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மறு வருஷம் ஆர்டர் வந்தது. தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் பழைய வரிதான். ஒரு வரி மட்டும் புதிது: பின்துணி, சந்தன நிறம் மட்டும். 'மட்டும்' என்பதன் அடியில் கோடு வேறு போட்டிருந்தார்களாம்.

மதினியிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தரியை நிறுத்தாமல் கேட்டார். "உள்ளுக்க என்ன வைக்கணும்னு எழுதியிருக்கா?"

"பஞ்சு. இத்தனை எடைன்னு போட்டிருக்கு."

"நகம் அளவு பச்சைத் துணி வச்சா எடை ஏறுமா?"

அந்த வருஷத்திலிருந்து எங்கள் கொட்டகையைத் தாண்டிப் போன ஒவ்வொரு தோரணத்திலும் நடு இலையின் வயிற்றுக்குள், பஞ்சுக்கு நடுவே, நகம் அளவு பச்சைத் துண்டு ஒன்று இருக்கிறது. சாயம் போகாத பச்சை, வெந்நீரில் போட்டுப் பார்த்த பிறகே வைப்பது. ஊசி ஒடிந்து உள்ளே கிடக்கிறதா என்று பார்க்க மெஷின் வைத்திருக்கிறார்கள். அது இரும்பைத்தான் கண்டுபிடிக்கும்.

இளைய மகள் கல்யாணம் வந்தது. பந்தல் போட்ட காலையில் ஸ்டூலை நானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டேன். மாவிலைக் கட்டை மதினி கையில் கொடுத்தேன். அவர் என்னையும் பார்த்தார், ஸ்டூலையும் பார்த்தார். "அடுப்படியில ஆள் இருக்காவளா கொழுந்தனாரே?" என்று கேட்டார். "பதினோரு பேரு இருக்காவ. எண்ணிட்டுத்தான் வாரேன்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் போனபிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்கா பாய்ந்து வந்தாள். "ஏலே, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? நல்ல காரியத்துல இது என்னலே?"

மாப்பிள்ளை வீட்டார் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினேன். "கடலுக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வாசல்ல இவுக கை பட்ட தோரணம் தொங்குது. எந்த வாசல் இடிஞ்சு விழுந்திச்சின்னு ஒரு கடுதாசி வரட்டும், அப்புறம் நான் இந்தக் கயித்தை வாங்குதேன்."

இரண்டு பேர் சாப்பிடாமல் போனார்கள். அவர்கள் இலையில் வேறு ஆளை உட்கார வைத்தோம். இளையவள் மாப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். அக்கா, "பாத்தியாலே" என்றாள். மூத்தவள் நாலு தடவை வந்திருக்கிறாள், அவளுக்குத் தோரணம் கட்டியது நீ என்று ஞாபகப்படுத்தினேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

மதினி போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி வரை மேசையில்தான் இருந்தார். கண் மங்கினபிறகும் துணியை விரலால் தொட்டே சொல்வார். கத்தரி இப்போது வேம்பார்க்காரியிடம் இருக்கிறது. அதை வேறு யாரும் தொட முடியாது. பச்சைத் துண்டுகளை வெட்டி வைக்க அவள் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறாள்.

போன மாதம் புதிதாக ஓர் ஏற்றுமதிக்காரர் வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், டப்பாவையும் பார்த்துவிட்டார். இது எதற்கு என்று கேட்டார். இத்தனை வருஷம் மறைத்ததை அவரிடம் சொன்னேன். எனக்கு இனி யாரிடம் பயம்? அவர் முகம் சுண்டிவிட்டது. வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார். தெரியட்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் தங்கள் வாசலில் தொங்குவதை இறக்கி, நடு இலையைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு முதலில் என் ஓரத் தையலைப் பிரிக்க வேண்டும்.

போகும்போது அவர் நிலையைத் தாண்டுகிற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெந்நீரில் முக்கியதால் கொஞ்சம் சுருங்கிப்போன இலை. வெளுத்த ஸ்டிக்கர் இன்னும் அந்தப் பச்சையைக் குற்றம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கையை மேலே தூக்கினார்.

"திருப்பாதீங்க" என்றேன்.